கோழிக்குஞ்சின் மேல் பழி

ஹார்ட்லி, அலபாமா
1988 மார்ச் 6

அன்புள்ள ஹாய்ட் அண்ணனுக்கு,

நெல்டா எழுதுவது. நீங்களும் ஜூனெல் அண்ணியும் சுகம்தானே? எனக்குச் சளி விட்டபாடில்லை. மற்றபடி நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டு வந்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். லமாரை அடக்கம் செய்த ஈரம் காய்வதற்குள் பாங்கியிலிருந்து ஆள் வந்து கோழிக்கொட்டகை நான்குக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள். வீடும் அதே அடமானத்தில்தானே இருந்தது. இங்கே ஒரு டிரெய்லர் வீடு வாடகைக்குக் கிடைத்தது. வேலையும் கிடைத்துவிட்டது. எங்கே தெரியுமா? நம் கம்பெனியின் ஹேச்சரியில். உங்களுக்கும் லமாருக்கும் வளர்க்கக் குஞ்சு வந்ததே, அந்தக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவருகிற இடத்தில். கையுறை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு நூறு குஞ்சு எண்ணிப் போடுகிறேன்.

அடக்கத்தன்று நீங்கள் கொண்டுவந்த பன்றிக்கறி ஹாமுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். சர்ச் ஹாலில் சாப்பாட்டு வரிசையில் நீங்கள் எனக்கு முன்னால் நின்றீர்கள். உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் போட்டுக்கொண்டே பாஸ்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "லமார் நல்ல பையந்தான், பிரதர் கார்லண்ட். ஆனா காலையில எந்திரிக்க மாட்டான். அதான் அவன் வியாதி." நாலு பேர் சிரித்தார்கள். சாவுக்கு வந்த இடம் என்று ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

இதயம் நின்றுபோனது என்று டாக்டர் சொன்னார். காலியான கொட்டகையில், மரத்தூள் மேல், மதிய வேளையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவரோடு நான் பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். சோம்பல் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. அண்ணா, அதே ஹாலில் நின்று அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்க மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
நெல்டா


மட் க்ரீக்
1988 மார்ச் 29

அன்புத் தங்கை நெல்டாவுக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நாங்கள் இருவரும் சுகம். ஜூனெலுக்குத்தான் முதுகுவலி; அவளுக்கு அது எப்போதும் உள்ளது. சளிக்குத் தேனும் எலுமிச்சையும் சாப்பிடு.

வளர்ந்த கோழிகளை, ஒரு பேட்ச் முழுவதையும், லாரியில் ஏற்றுகிற வேலையில் பதில் போடத் தாமதம். இந்த முறையும் முதல் இடம்! அந்த வாரம் கம்பெனிக்குக் கோழி கொடுத்த பதினாறு பேரில், குறைந்த தீவனத்துக்கு அதிக எடை காட்டியதில் உன் அண்ணன்தான் முதல். தொடர்ந்து நான்காவது தடவை. ப்ரூயிட் வண்டியை விட்டு இறங்கி என் முதுகில் தட்டினார். "ஹாய்ட், உன்ன மாதிரி இன்னும் பத்து பேர் இருந்தா என் வேலை சுலபம்யா" என்றார். கம்பெனியின் கண்காணிப்பாளர் அப்படி எல்லோரிடமும் சொல்லிவிட மாட்டார்.

நீ வேலைக்குப் போனதில் எனக்குப் பெருமை. பார்த்தாயா, நினைத்தால் முடிகிறது. நீ கேட்டதைப் பற்றி: லமாரைப் பற்றி நான் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். எனக்கும் அவனுக்கும் ஒரே கம்பெனி. ஒரே தீவனம். ஒரே ரோடு. எனக்கு நாலு கொட்டகை, அவனுக்கும் நாலு. நான் முதலில் வந்தேன், அவன் கடைசியில் வந்தான். இடையில் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? படுக்கையிலிருந்து. இதைத் திருப்பி எடுத்துக்கொள் என்றால், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடத்தையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொள்ள வேண்டும்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
ஹாய்ட்


ஹார்ட்லி
1988 மே 15

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி போய்விட்டது. உங்கள் தேன் வைத்தியத்துக்கு நன்றி. அண்ணியின் முதுகு எப்படி இருக்கிறது?

இரண்டு மாதத்தில் இங்கே நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். குஞ்சு என்றால் எல்லாம் ஒரே குஞ்சு இல்லை, அண்ணா. முற்றிய தாய்க்கோழி போட்ட முட்டையிலிருந்து வருகிற குஞ்சு கையில் கனமாக நிற்கும். கண்ணைத் திறந்து நம்மையே முறைக்கும். இப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய இளங்கோழியின் குஞ்சு கையில் இருப்பதே தெரியாது. கால் வறண்டிருக்கும். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் தொப்புள் ஆறியிருக்காது. கறுப்பாகப் பொருக்கு நிற்கும். கொட்டகைக்குப் போய் முதல் வாரமே வாளி வாளியாகச் சாகும். மிஞ்சியது தீவனத்தைத் தின்னும், எடை வைக்காது. அதை வைத்துக்கொண்டு ஒருவன் ராப்பகலாக விழித்திருந்தாலும் கடைசி இடம்தான்.

என்னோடு நிற்கிற ஓப்பலிடம் கேட்டேன், "இந்த நோஞ்சானெல்லாம் யாருக்குப் போகுது?" என்று. அவள் சிரித்தாள். "என்னடி தெரியாத மாதிரி கேக்கற? ப்ரூயிட்டு சீட்டு எழுதி அனுப்புவாரு. அவருக்கு வேண்டியவனுக்கு கிழட்டுக் கோழியோட குஞ்சு. வேண்டாதவனுக்கு இது. யாராவது ஒருத்தன் வாங்கித்தானே ஆகணும்?"

அன்று மாலை வீட்டுக்கு வந்து தட்டில் கைவைக்க முடியவில்லை. லமார் சுமந்த வாளிகள் கண்ணெதிரே வந்தன. ஒரு கிறிஸ்துமஸில் நீங்கள் ப்ரூயிட்டுக்கு வீட்டில் பக்குவம் பண்ணின ஹாம் கொடுத்தது எனக்குத் தெரியும். பிறகு வேட்டை நாய்க்குட்டி கொடுத்தீர்கள். உங்கள் நிலத்தில் காடை சுட அனுமதி கொடுத்தீர்கள். நான் குற்றம் சொல்ல வரவில்லை. கடைசியில் நிற்பவன் கூலியைக் குறைத்து, அவன் பையிலிருந்து எடுத்து முதலில் நிற்பவன் பையில் போடுகிற கம்பெனி இது. உங்கள் பைக்கு வந்தது யார் பையிலிருந்து என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ஜூனில் ஹோம்கமிங் ஞாயிறு வருகிறது. ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் சர்ச்சுக்கு வருவார்கள். அன்றைக்கு எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "லமார் மேல தப்பில்ல, அவனுக்கு வந்த குஞ்சு மோசம்." அதைக் கேட்க நான் பின் வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

தங்கை,
நெல்டா


மட் க்ரீக்
1988 ஜூன் 24

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலத்தை ஹோம்கமிங்கில் நேரிலேயே பார்த்துவிட்டேன். இளைத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், சாப்பாட்டுக்கும் நிற்காமல் போய்விட்டாய். ஜூனெல் உனக்கென்று சுட்டு எடுத்து வைத்த பீச் பழப் பலகாரம் வீணாகிப் போயிற்று.

நீ கேட்ட வாக்கியத்தை நான் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பதை நேராகவே எழுதிவிடுகிறேன். ஹாம் கொடுத்தது சிநேகிதத்துக்கு. நாய்க்குட்டி கொடுத்தது வீட்டில் ஏழு குட்டி இருந்ததால். அதெல்லாம் பெரிய விஷயம் என்றால் லமாரும் கொடுத்திருக்கலாமே, யார் கையைப் பிடித்தார்கள்? மனிதர்களோடு பழகத் தெரிவதும் உழைப்புதான். உதட்டைத் தைத்துக்கொண்டு மூலையில் நிற்கிறவனைத் தேடி வந்து யார் கொடுப்பார்கள்?

இந்தக் குஞ்சுக் கதையை நான் நேற்று முதல் கேட்கவில்லை. ஜூனெலின் அப்பனும் இப்படித்தான். குத்தகை நிலத்தில் பருத்தி போட்டுக்கொண்டு ஆயுசு முழுக்க மழையைத் திட்டினான், விதையைத் திட்டினான், நிலத்துக்காரனைத் திட்டினான். கடைசியில் சவப்பெட்டிக்குள் படுக்க வைக்கிறபோது போட்டுவிட்ட கோட்டு சூட்டு என்னுடையது. இதை ஜூனெல் எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் இல்லையென்று சொல்ல மாட்டாள்.

குஞ்சின் மேல் பழி போடுகிறவன் என்றைக்கும் முன்னுக்கு வரமாட்டான், நெல்டா. நீயாவது அந்தப் பழக்கத்தை விட்டுவிடு. உன்னிடம் பாசம் இருப்பதால் சொல்கிறேன்.

அண்ணன்,
ஹாய்ட்


ஹார்ட்லி
1988 ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்கள் சொன்னதை ஒரு மாதமாக யோசித்தேன். இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

ஒரு நல்ல செய்தி. பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற தளத்துக்கு என்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள். ப்ரூயிட்டின் சீட்டு இனி என் கைக்குத்தான் வரும். எந்தப் பெட்டி எந்த லாரியில் என்பதை நான்தான் பார்த்து ஏற்றுகிறேன். உங்கள் பேட்ச் ஆகஸ்ட் முதல் வாரம். வேறு யாரையும் தொடவிட மாட்டேன். ஒவ்வொரு பெட்டியாக மூடியைத் திறந்து, நானே பொறுக்கி அனுப்புகிறேன். என் அண்ணனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன்?

அண்ணியை ஓய்வாக இருக்கச் சொல்லுங்கள்.

நெல்டா


மட் க்ரீக்
1988 அக்டோபர் 9

அன்புத் தங்கைக்கு,

கர்த்தரின் கிருபையால் உயிரோடிருக்கிறோம். நீ சுகமா?

இந்த முறை எனக்குப் பதினான்காவது இடம். எழுதும்போதே கை கூசுகிறது. முதல் வாரத்திலேயே செத்தது குவியலாகிவிட்டது. ஜூனெல் வாளியைக் கீழே வைக்கவே இல்லை. எங்கே கோட்டைவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆகஸ்டில் சர்ச்சில் ஒரு வாரம் எழுப்புதல் ஜெபக் கூட்டம். இரவு நேரம் கழித்துப் படுத்தேன், இரண்டு மூன்று நாள் விடிந்துதான் எழுந்தேன். அதுதான் காரணம். குஞ்சுகளுக்குத் தெரிந்துவிடும், நெல்டா, வளர்க்கிறவன் கண் அசந்தால்.

யார் முதலில் வந்தது தெரியுமா? க்ளீட்டஸ் மங்க்! சட்டைக்குப் பொத்தான்கூட இல்லாமல் திரிவானே, வருஷக்கணக்காகக் கடைசி மூன்றைத் தாண்டாதவன், அவன்தான். தீவன மில்லில் அவனைப் பார்த்துக் கையைக் குலுக்கினேன். "என்னப்பா க்ளீட்டஸ், என்ன பண்ணின?" என்றேன். "ஒண்ணும் பண்ணல, ஹாய்ட். எப்பவும் பண்றததான் பண்ணினேன்" என்றான். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறான். ஆள் திருந்திவிட்டான் என்று நினைக்கிறேன். எந்த வயதிலும் திருந்தலாம்.

நீ பொறுக்கி அனுப்பியும் நான் கெடுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

ஹாய்ட்


ஹார்ட்லி
1988 அக்டோபர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மிகவும் சுகம். இவ்வளவு சுகமாக இருந்து வெகுகாலம் ஆகிறது. பசிக்கிறது, தூக்கம் வருகிறது.

பதினான்காவது இடம் என்று படித்துப் பதறிப்போனேன். உங்களையே ஏன் குறை சொல்லிக்கொள்கிறீர்கள்? குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? வயிற்றைத் திருப்பிப் பார்த்தீர்களா? ஒருவேளை குஞ்சே மோசமாக இருந்திருக்கலாம் அல்லவா? அப்படி உங்களுக்குத் தோன்றினால் வெட்கப்படாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். "குஞ்சு சரியில்லை" என்று எழுதினால் போதும். அடுத்த பேட்சுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வாரம் உங்கள் லாரி கிளம்புகிறது. அதற்குமுன் கடிதம் வந்தால் நல்லது.

அன்புடன்,
நெல்டா


மட் க்ரீக்
1988 டிசம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் கடிதம் உடனே வந்துவிட்டது. பதில் எழுதத்தான் மனம் வரவில்லை.

பதினாறுக்குப் பதினாறு. லமார் நின்ற இடத்தில் நிற்கிறேன்.

குஞ்சு சரியில்லை என்று எழுதச் சொன்னாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரியை எழுதிவிட்டால் நான் யார், நெல்டா? முதலில் வந்த வருஷமெல்லாம் "என் உழைப்பு" என்றேன். கடைசியில் வந்ததும் "குஞ்சு" என்றால் என்னைப் பார்த்து என் வகுப்புப் பிள்ளைகளே சிரிக்க மாட்டார்களா? முதலில் வந்தவன் நான் என்றால் கடைசியில் வந்தவனும் நான்தான்.

கட்டிலைத் தூக்கி இரண்டாம் கொட்டகையில் போட்டுக்கொண்டேன். அங்கேதான் படுக்கை. கோழி எச்சத்தின் அம்மோனியா நெடி கண்ணைப் பிடுங்குகிறது. கூலிக்கு வந்த ஆளை நிறுத்திவிட்டேன். மீன் பிடிக்க வைத்திருந்த படகையும் விற்றாயிற்று. போன மாதம் ப்ரூயிட்டுக்கு ஹாம் கொண்டுபோனேன். "வீட்டில நெறைய இருக்கு, ஹாய்ட்" என்று கதவோரம் நின்றே சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஜெயிக்கிறவனோடுதான் யாரும் நிற்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹாய்ட்


மட் க்ரீக்
1989 பிப்ரவரி 13

நெல்டாவுக்கு,

ஜூனெல் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சுகம் என்று வழக்கத்துக்கு எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

மூன்றாவது பேட்சும் கடைசி. இன்னொரு முறை ஆனால் ஒப்பந்தத்தை நிறுத்திவிடுவார்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. உன் அண்ணன் பாதி ஆளாகிவிட்டார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாகத் துளை போட்டுக்கொள்கிறார்.

நேற்று சர்ச்சில் சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து நின்றார். நான்கூட நீ கேட்டதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "லமார் என்னோட மச்சான். அவன் சோம்பேறின்னு இதே எடத்துல நான் சொன்னேன். இன்னைக்கு சொல்றேன், நானும் அவனும் ஒண்ணுதான். நானும் சோம்பேறி. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். ஊரே அழுதது. பாஸ்டர் கார்லண்ட் இறங்கிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். பெண்கள் எங்கள் வண்டி நிறைய சாப்பாடு வைத்து அனுப்பினார்கள். லமாருக்கு இதையெல்லாம் யாரும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

உனக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது.

ஜூனெல்


ஹார்ட்லி
1989 பிப்ரவரி 17

ஹாய்ட் அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இல்லை என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

சர்ச்சில் பேசியதைக் கேள்விப்பட்டேன். லமாரைக் கல்லறையிலிருந்து இழுத்துவந்து உங்கள் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் சேர்த்து அழ வைத்திருக்கிறீர்கள். அவரை மறுபடியும் சோம்பேறி ஆக்கிவிட்டு, அதற்குப் பை பையாகச் சாப்பாடும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். படித்துவிட்டு டிரெய்லர் சுவரில் தட்டை எறிந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். உங்களைக் கவிழ்த்தது சோம்பல் இல்லை. நான். ஆகஸ்டிலிருந்து உங்கள் லாரியில் போன ஒவ்வொரு பெட்டியும் இளங்கோழிக் குஞ்சு. தொப்புள் ஆறாதது, பொரிந்து வெகுநேரம் தண்ணீர் இல்லாமல் கிடந்தது, காலை இழுப்பது. எல்லாவற்றையும் தேடித்தேடி உங்களுக்கு வைத்தேன். ப்ரூயிட் உங்களுக்கென்று எழுதிய நல்ல குஞ்சுகளை க்ளீட்டஸ் மங்கின் லாரியில் ஏற்றினேன். அவன் திருந்தவில்லை, அண்ணா. அவன் எப்போதும் எப்படி இருந்தானோ அப்படியேதான் இருக்கிறான்.

அக்டோபரில் ஒரு வரி கேட்டேன். எழுதியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். லாரி கிளம்புகிறவரை தபால்காரனைப் பார்த்து நின்றேன். நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு பெட்டியாக நானே ஏற்றினேன். நன்றாக இருந்தது. லமார் போனபிறகு முதல்முதலாக, ஆகஸ்டில் உங்கள் லாரியை ஏற்றி அனுப்பிய அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இதைக் கம்பெனியிலோ போலீசிலோ காட்டி என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். எனக்குச் சேரவேண்டியதைச் சோம்பலுக்குக் கொடுக்காதீர்கள். உங்களை ஜெயித்தது நான்தான். குஞ்சு கெட்டால் மனிதன் கெடுவான் என்று இப்போதாவது சொல்லுங்கள்.

நெல்டா


மட் க்ரீக்
1989 மார்ச் 12

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஜூனெலிடம் காட்டினேன். "பாத்தியா, என் தங்கச்சி மனச! என்னக் காப்பாத்தறதுக்கு எவ்வளவு பெரிய பொய்ய எழுதியிருக்கா!" என்றேன். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் லாந்தரை நான் உடைத்தபோது "நாந்தான் ஒடச்சேன்" என்று முன்னால் வந்து பெல்ட்டால் அடி வாங்கினாய். அப்போது உனக்கு ஆறு வயது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறாய். குஞ்சின் மேல் பழியைப் போட்டு, அந்தப் பழியைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொண்டால் நான் பிழைத்துவிடுவேன் என்று பார்க்கிறாய்.

வேண்டாம், நெல்டா. லமாருக்கும் இந்த மருந்தைத்தான் கொடுத்தாய். "உங்க மேல தப்பில்லங்க" என்று சொல்லிச்சொல்லியே அவனைப் படுக்க வைத்தாய். எனக்கு அது வேண்டாம். என் தப்பு என்னிடம் இருந்தால்தான் நான் நாளைக்கு அதைத் திருத்திக்கொள்ள முடியும்.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஈஸ்டருக்கு வா.

அண்ணன்,
ஹாய்ட்


மட் க்ரீக்
1989 ஏப்ரல் 8

நெல்டா,

சுகம் விசாரித்து முடித்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்.

நீ எழுதியதை அவர் நம்பவில்லை. நான் நம்பினேன். நம்பினேன் என்ன, இரண்டாவது பேட்சிலேயே எனக்குத் தெரியும். கொட்டகையில் நடப்பது அவர், குனிவது நான். இருபத்திரண்டு வருஷமாக அவர் சுவரிலிருக்கிற வெப்பமானியைப் பார்க்கிறார். ஒரு குஞ்சைத் திருப்பி வயிற்றைப் பார்த்தது கிடையாது. நான் பார்த்தேன். ஆறாத தொப்புளைப் பார்த்ததும் நீ மே மாதம் எழுதியதும், ஜூலையில் நீயே பொறுக்கி அனுப்புவதாக எழுதியதும் ஞாபகம் வந்தன. யார் வேலை என்று புரிந்துகொண்டேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். என் அப்பா ஒருநாளும் விடிந்தபின் எழுந்ததில்லை, நெல்டா. நிலம் வேறொருவனுடையது, விதை கடன், பருத்தியை எடை போட்ட தராசு நிலத்துக்காரனுடையது. அவரைச் சோம்பேறி என்று உன் அண்ணன் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே சொல்லுவார். போட்டுவிட்ட சூட்டைச் சொல்லாத வருஷம் கிடையாது. அதனால் நானும் உன்னைப்போலவே காத்திருந்தேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, இவர் வாயிலிருந்து அது வரட்டும் என்று. அதற்காக என் முதுகு உடைய நான் வாளி தூக்கினேன்.

வராது. நீ முட்டையோட்டை அனுப்பினாலும் இவர் தன் தூக்கத்தைத்தான் திட்டுவார்.

ஈஸ்டர் அன்று நீ வரவில்லை. சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சர்ச்சில் நான் எழுந்து பேசியதில்லை. ப்ரூயிட் மூன்றாவது வரிசையில் பெண்டாட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"லமாருக்கு வந்தது நோஞ்சான் குஞ்சு. எங்களுக்கு வந்தது நல்ல குஞ்சு. நாங்க ஹாம் குடுத்தோம், நாய் குடுத்தோம், காடை சுட விட்டோம். அதுக்குத்தான் வந்துச்சு. குடுத்தவரு அதோ உக்காந்திருக்காரு, கேட்டுக்கங்க. லமார் கொட்டகையில நாலு மணிக்கே வெளக்கு எரியும். என் சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து தெனமும் பாப்பேன். இவரு எந்திரிக்கிறது அஞ்சு மணிக்கு. லமார் சோம்பேறி இல்ல. எங்க அப்பாவும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். யாரும் அழவில்லை. கார்லண்ட் அவசரமாகப் பாட்டு எண் சொன்னார். பின்னாலிருந்து க்ளீட்டஸ் மங்க் மட்டும் "ஆமென்" என்றான். சாப்பாடு யாரும் கட்டிக் கொடுக்கவில்லை.

மறுநாள் ப்ரூயிட் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "இனிமே குஞ்சு வராது, ஹாய்ட்" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜூனில் பாங்கிக்காரர்கள் வருவார்கள்.

நீ கேட்ட வார்த்தை நீ கேட்ட இடத்தில் சொல்லியாகிவிட்டது. உன் பங்கை நான் சொல்லவில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அதற்காக எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நீ பொறுக்கிப் பொறுக்கி அனுப்பியதையெல்லாம் இங்கே பொறுக்கிப் புதைத்தது உன் அண்ணன் இல்லை, நான். அதை ஒருமுறையாவது நினைத்தாயா? நினைத்திருக்க மாட்டாய். நானும் உன் இடத்தில் இருந்தால் நினைத்திருக்க மாட்டேன்.

நாளை காலை காட்ஸ்டனில் என் அக்கா வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறேன். அவரிடம் சொல்லியாயிற்று. "போயிட்டு வா, ஒனக்கும் ஓய்வு வேணும். பேட்ச் வர்றதுக்குள்ள திரும்பிடு" என்றார், ப்ரூயிட் சொன்னது காதில் விழாதவர்போல.

நான்காவது கொட்டகையில் இருக்கிறார். விடிந்ததிலிருந்து தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். போனமுறை சரியாகக் கழுவவில்லையாம், அதுதான் காரணமாம்.

ஜூனெல்